ஆல்பனியில் குச்சி பிஸ்கட் நாள்

1

இன்று நவம்பர் பதினொன்று. காலையில் வகுப்பறையைத் திறந்தபோது என் விசைப்பலகையின் மேல் ஒரு குச்சி பிஸ்கட் பெட்டி இருந்தது. யார் வைத்தது என்று எழுதவில்லை. முதல் மணி அடிப்பதற்குள் பெட்டிகள் ஏழெட்டு ஆகிவிட்டன. ஒன்றில் மட்டும் ஒரு சிறுவன் தன் பெயரை எழுதி, பக்கத்திலேயே "மார்க்குக்காக அல்ல" என்றும் எழுதியிருந்தான். அவனைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது என்ன கூத்து என்று விளக்க வேண்டும். 11/11 என்று எழுதிப் பாருங்கள். நான்கு குச்சிகள் நிற்கும். கொரியாவில் பென்சில்போல மெலிந்து நீண்ட ஒரு பிஸ்கட் உண்டு. முக்கால் பாகம் சாக்லேட்டில் தோய்த்து, பிடித்துக்கொள்ள ஒரு நுனியை மட்டும் வெறுமையாக விட்டிருப்பார்கள். அந்த பிஸ்கட்டின் பெயரிலேயே இந்த நாள் அங்கே விழாவாகிவிட்டது. (கம்பெனிக்கு நான் இலவச விளம்பரம் செய்வதாக இல்லை. குச்சி பிஸ்கட் என்றே சொல்கிறேன்.) நண்பருக்கு, காதலருக்கு, ஆசிரியருக்கு, முறைக்கும் மேலதிகாரிக்கு என்று அன்றைக்கு எல்லாரும் எல்லாருக்கும் பெட்டி கொடுப்பார்கள். ஆக்லாந்துக்கு வடக்கே, இந்த ஆல்பனி சுற்றுவட்டாரத்தில் கொரியக் குடும்பங்கள் நிறைய. அவர்கள் பிள்ளைகள் வழியாக எங்கள் பள்ளிக்கு வந்த விழா, இப்போது சமோவா வீட்டுப் பிள்ளைகள், சீன வீட்டுப் பிள்ளைகள், நான்கு தலைமுறையாக இங்கேயே இருப்பவர்களின் பிள்ளைகள் எல்லாரையும் பிடித்துக்கொண்டது.

ஆசிரியர் அறையில் சிலருக்கு இது பிடிக்காது. "பிஸ்கட் விற்க ஒரு கம்பெனி கண்டுபிடித்த தந்திரம்" என்பார்கள். எனக்கு அந்த அருவருப்பு வரவே வராது. நான் சிவகாசிக்காரி. தீபாவளிப் பெட்டி, பொங்கல் வாழ்த்து அட்டை, புத்தாண்டு நாட்காட்டி, எந்தக் கடவுளுக்கு எந்த நிறத்தில் பின்னணி வேண்டும் என்ற முடிவு, எல்லாம் எங்கள் ஊர் வழியாகத்தான் போகின்றன. அட்சய திருதியைக்குத் தங்கம் வாங்க வரிசையில் நிற்கும் வழக்கம் தாங்கள் சின்ன வயதில் பார்த்ததே இல்லை என்று என் பெற்றோர் சொல்வார்கள். இன்று அதைச் சாத்திரம் என்கிறோம். விழா எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால், அட்டைப்பெட்டியிலிருந்து என்று தயங்காமல் சொல்வேன். வந்த பிறகு அது நம்முடையதாகிறதா என்பதுதான் கேள்வி.

முதல் முறை அந்தக் குச்சியைக் கையில் வாங்கியபோது நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பூசிய முக்கால், பூசாத கால். அச்சு அசல் கம்பி மத்தாப்பு. பற்ற வைக்க மட்டும்தான் முடியாது.

2

என்னைப் பற்றிச் சுருக்கமாக. கணினிப் பொறியியல் படிப்பு. சென்னையில் கொஞ்ச காலம் மென்பொருள் வேலை. பிறகு ஆக்லாந்தில் ஆசிரியர் பயிற்சி. இப்போது ஆல்பனிப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் டிஜிட்டல் தொழில்நுட்பம் சொல்லிக் கொடுக்கிறேன். வீடு மவுண்ட் ஆல்பர்ட்டில். காலையில் ரயிலில் நகர மையம், அங்கிருந்து துறைமுகப் பாலத்தின் மேல் போகும் வடக்குப் பேருந்து. பாலத்தில் ஏறும்போது அலைபேசியைப் பைக்குள் வைத்துவிடுவது என் ஒழுங்கு. தண்ணீரைப் பார்க்கக் காசு கேட்காத ஊர் இது.

என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்பவர் தர்ஷினி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், மருத்துவமனையில் தாதி. என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். இந்த நாட்டு ஆங்கிலத்துக்கு எனக்கு வாய்த்த அகராதி. "இவங்கள் 'நொட் பேட்' எண்டா அது உச்சம் பவா. 'இன்ட்ரஸ்டிங்' எண்டா உன்ர கதை முடிஞ்சுது எண்டு விளங்கிக்கொள்" என்பார். பவானி என்ற என் பெயரை இங்கே முழுதாகச் சொல்கிறவர் அவர் மட்டும்தான், அதுவும் கோபம் வந்தால்.

போன வருடம் என் வேலை தற்காலிகம். மகப்பேறு விடுப்பில் போன ஆசிரியைக்குப் பதிலாக எடுத்திருந்தார்கள். அவர் திரும்பி வருவதில்லை என்று முடிவு செய்துவிட, அந்த இடத்துக்கு விண்ணப்பம் கோரினார்கள். நானும் போட்டேன், வெளியிலிருந்து வேறு சிலரும் போட்டார்கள். அந்த இடம் கிடைத்தால் வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கிடைக்காவிட்டால் விசா முடிவதற்குள் இன்னொரு பள்ளி தேட வேண்டும், அல்லது பெட்டி கட்ட வேண்டும். குடிவரவுத் துறையின் இணையதளத்தில் 'உங்கள் வேலை நிரந்தரமானதா?' என்ற கேள்வி வரும் பக்கம் வரைக்கும் நிரப்பி, அங்கேயே சேமித்து வைத்திருந்தேன். வாரம் ஒரு முறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன், கேள்வி ஏதாவது மாறியிருக்கிறதா என்று. மாறவில்லை.

தேர்வு செய்யும் குழுவில் துணை முதல்வர் ஃபியோனாவும் இருந்தார். இங்கே துணை முதல்வரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். முதல் சில மாதங்கள் நான் பெயரே சொல்லாமல், அவர் என் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து பேசி வந்தேன்.

3

போன வருடம் அக்டோபரில் ஒரு நாள் ஆசிரியர் கூட்டம். மாணவர் மன்றத்தின் சார்பில் பத்தாம் ஆண்டு மாணவி ஹாயூன் வந்து, குச்சி பிஸ்கட் நாளைப் பள்ளியே நடத்தலாம் என்று கேட்டாள். யாருக்கு அனுப்ப வேண்டுமோ அவர்கள் பெயருக்கு முன்கூட்டியே காசு கட்டிப் பதிவு செய்யலாம், அன்றைக்கு வகுப்பிலேயே வந்து சேரும். ஃபியோனா கைகளைக் கட்டிக்கொண்டார். பேச்சு ஆங்கிலத்தில்தான், நான் தமிழில் தருகிறேன்.

"போன முறை என்ன நடந்ததுன்னு இங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கா?"

எனக்கு மட்டும் தெரியாது. அப்போது நான் இங்கே இல்லை. நவம்பர் பதினொன்று முதல் உலகப் போர் ஓய்ந்த நாளும்கூட. காலை பதினொரு மணிக்கு ஒரு மாணவர் ஒலிபெருக்கியில் எக்காளம் ஊதுவார், பள்ளி முழுதும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனம் காக்கும். போன முறை அந்த மௌனத்தில் பள்ளி முழுதும் பிளாஸ்டிக் உறைகள் சரசரத்தன. "தகரக் கூரையில மழை பெஞ்ச மாதிரி இருந்தது," என்றார் ஃபியோனா. "அது ஒண்ணு. ரெண்டாவது, ஒரு பெட்டிகூட வராத பிள்ளைங்க. சிலர் நாள் முழுக்க நோயாளி அறையில படுத்திருந்தாங்க, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. அதனால வேண்டாம்."

ஹாயூனின் முகம் விழுந்ததைப் பார்த்தேன். என் வாய் தானாகத் திறந்தது. "நாங்க பாத்துக்கறோம்," என்றேன்.

இதை ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் கூட்டத்தில் 'பாத்துக்கலாம் சார்' என்றால் அது ஒரு மரியாதை. கனத்த காற்றைக் கொஞ்சம் இலேசாக்கும் காரியம். சொன்னவரும் மறந்துவிடுவார், கேட்டவரும் மறந்துவிடுவார். இங்கே மறுநாள் காலை கூட்டக் குறிப்பு எல்லாருக்கும் மின்னஞ்சலில் வந்தது. 'நவம்பர் 11 விநியோகம், மௌனத்துக்கும் தேர்வுகளுக்கும் இடையூறு இல்லாமல், எந்த மாணவரும் விடுபடாமல். பொறுப்பு:' அதற்கு எதிரே என் பெயர். என் பெயர் மட்டும்.

தர்ஷினி அக்காவிடம் காட்டினேன். "உனக்கென்ன விசரோ? வேலைக்கு அப்ளை பண்ணிப்போட்டு இருக்கிற நேரத்தில உதுக்குள்ள ஏன் தலையக் குடுத்தனி?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்க்கா."

"இஞ்ச சும்மா ஒரு பேச்சு எண்டு ஒண்டும் இல்லை."

ஃபியோனாவும் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார். கடுமையாகப் பேசவில்லை. "நல்லது, செய்யுங்க. ஆனா இது கெட்டுப்போனா, குழுவில உக்காந்து அதை நான் பார்க்காத மாதிரி நடிக்க முடியாது." நேர்மையான மனுஷி. அதனால் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

4

வேலையை என் பத்தாம் ஆண்டு வகுப்பின் பாடமாக்கினேன். பதிவுப் பக்கத்தை அவர்களே எழுதினார்கள்: அனுப்புபவர், பெறுபவர், வகுப்பு, சுவை. சுவை நான்கு. சாதா, பாதாம், ஸ்ட்ராபெர்ரி, குக்கீ. வகுப்பிலேயே சத்தமான டேன் என்ற பையன் பிழை கண்டுபிடிப்பதில் நிபுணன்; தனக்குத் தானே நாற்பது பெட்டி அனுப்ப முடிகிறது என்று அவன்தான் கண்டுபிடித்தான்.

அதே வகுப்பில் மித்ரா. இங்கே பிறந்த பெண். பெற்றோர் சந்திப்பு நாளில் அவள் அம்மா என்னிடம், "வீட்டில தமிழில கதைச்சா அறைக் கதவைப் பூட்டிறாள் டீச்சர்" என்று குறைப்பட்டபோது, மித்ரா பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு முறை அவளிடம் தமிழில் சாப்பிட்டாயா என்று கேட்டேன். "யெஸ் மிஸ், தேங்க் யூ மிஸ்" என்று அடுத்த மேசைக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். பிறகு நான் கேட்கவில்லை.

பெட்டி வராத பிள்ளைகளைப் பற்றி வகுப்பில் நீண்ட விவாதம் நடந்தது. "வராதவங்களோட பட்டியலை எடுத்து, அவங்களுக்கு மட்டும் நாம அனுப்பலாம்" என்றாள் ஒருத்தி. "அப்ப அது பரிதாபப் பெட்டின்னு எல்லாருக்கும் தெரிஞ்சிரும்" என்றான் டேன். சத்தமான பையன்களிடமிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்தால் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அப்போதுதான் அப்பாவின் கொட்டகையைப் பற்றிச் சொன்னேன். அப்பா பட்டாசு செய்பவர் அல்ல. ஆலைகளிலிருந்து சரக்கு எடுத்து, கிஃப்ட் பாக்ஸ் கட்டி விற்பவர். விலை கூடிய பெட்டியில் நாற்பது ஐம்பது வகை இருக்கும், மலிவான பெட்டியில் பத்து. எது இருக்கிறதோ இல்லையோ, எல்லாப் பெட்டியிலும் கம்பி மத்தாப்பு இருக்கும். அது இல்லாத பெட்டியை அப்பா கட்ட விடமாட்டார். "எல்லாருக்கும் போடுவோம்," என்றேன். "நூறு பெட்டி வர்றவனுக்கும், ஒண்ணும் வராதவனுக்கும், ஆசிரியருக்கும், காவலாளிக்கும். ஒரு சாதா. அனுப்புவது பள்ளி." மாணவர் மன்றம் தன் லாபத்தை அதில் போட ஒத்துக்கொண்டது. ஹாயூன் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மிஸ், கொரியாவுல இப்படிப் பண்ண மாட்டாங்க" என்றாள். பிறகு, "ஆனா பண்ணியிருக்கணும்" என்றாள்.

மௌனத்துக்கான வழி எளிது. பெட்டிகள் பிள்ளைகள் கைக்குத் தனித்தனியாகப் போகக் கூடாது. வகுப்புக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி, நாடா ஒட்டி மூடியது. பதினொன்றுக்கு முன்னால் எல்லா வகுப்பிலும் இருக்க வேண்டும். மௌனம் முடிந்த பிறகுதான் வகுப்பாசிரியர் திறப்பார்.

எல்லாம் தாளில் அழகாக இருந்தது. முதல் நாள் மாலை வர வேண்டிய சரக்கு மட்டும் வரவில்லை. கிளென்ஃபீல்டில் இருக்கும் மொத்தக் கடைக்காரர், "நாளைக்குக் காலையில கண்டிப்பா" என்றார். அவர் குரலில் எனக்கு மிகவும் பழக்கமான ஒரு தொனி இருந்தது. பாத்துக்கலாம் என்கிற தொனி.

5

மறுநாள் முதல் பாடவேளை பாதி கடந்த பிறகுதான் வேன் வந்தது. மண்டபத்தில் மூத்த மாணவர்களுக்குப் பொதுத் தேர்வு நடந்துகொண்டிருந்ததால், அந்தப் பக்கம் ஒரு தள்ளுவண்டிச் சக்கரம்கூட உருளக் கூடாது. சரக்கு முழுவதையும் என் வகுப்பறையிலேயே இறக்கினோம். இருபதுக்கும் மேற்பட்ட வகுப்புகள், ஆயிரத்துக்கும் மேல் பெட்டிகள், பதினொரு மணி என்னும் சுவர்.

என் திட்டம் மென்பொருள்காரியின் திட்டம். ஒவ்வொரு மாணவருக்கும் மடிக்கணினியில் ஒரு வகுப்பின் பட்டியல். பெயரைப் பார், பெட்டியை எடு, பெயர்ச் சீட்டை ஒட்டு, அட்டைப்பெட்டியில் போடு. எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை செய்வார்கள், ஆகவே வேகம். கணினி இப்படித்தான் யோசிக்கும். பிள்ளைகளுக்கு முழங்கை உண்டு என்பதைக் கணினி யோசிக்காது.

கொஞ்ச நேரத்தில் அறை மீன்சந்தை ஆயிற்று. பாதாம் குவியலுக்கு அடியில் ஸ்ட்ராபெர்ரி. சீட்டுகள் சட்டைகளில் ஒட்டிக்கொண்டன. ஒரே வகுப்பை இரண்டு பேர் கட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு வகுப்பை யாருமே தொடவில்லை. ஒரு பெட்டியின் மேல் யாரோ உட்கார்ந்துவிட, உள்ளே குச்சிகள் ஒடியும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

கதவருகில் ஃபியோனா, கையில் காபிக் கோப்பையுடன். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. அறையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்ட்ரஸ்டிங்," என்றார்.

அக்காவின் அகராதிப்படி என் கதை முடிந்தது. அடுத்து அவர் கேட்டதும் மென்மையாகத்தான். "பவா, நிறுத்திடலாமா? சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கொடுத்துக்கலாம். யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்க."

நினைப்பார்கள். தேர்வுக் குழு முழுவதும் நினைக்கும். ஆனால் அந்த நிமிடத்தில் என்னைப் பிடித்து உலுக்கியது வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை. சரக்கும் ஆளும் பெட்டியும் கண் முன்னால் இருக்கும்போது, கட்ட முடியவில்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. கல்லூரி விடுமுறைகளில் நான் நின்ற கொட்டகையில் தீபாவளிக்கு முந்தைய வாரம் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அங்கே யாருமே ஓடமாட்டார்கள். ஆள் நிற்பார், பெட்டி நகரும். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. பெட்டி நிற்கிறது, ஆள் ஓடுகிறார்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பெட்டி கட்டுகிறவருக்கு அது யார் வீட்டுக்குப் போகிறது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். இந்த அறைக்குள் ஒவ்வொரு பிஸ்கட்டையும் ஒரு பெயரோடு சேர்க்க முயன்றதுதான் என் தவறு. இந்த வகுப்புக்கு பாதாம் எத்தனை, சாதா எத்தனை, அது போதும். பெயர்ச் சீட்டுத் தாளை அப்படியே பெட்டிக்குள் போட்டுவிட்டால், யாருக்கு எது என்று அந்த வகுப்பே பிரித்துக்கொள்ளும்.

"மணி அடிக்கிற வரைக்கும் டைம் கொடுங்க, ஃபியோனா," என்றேன். முதல் முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான் என்று பிறகுதான் உணர்ந்தேன்.

"லேப்டாப்பெல்லாம் மூடுங்க!"

அறை அமைதியானது. மேசைகளை இழுத்து ஒரே நீள வரிசையாகப் போட்டோம். ஒரு சுவைக்கு இரண்டு பேர், கையெட்டும் தூரத்தில் அந்தச் சுவை மட்டும். ஹாயூன் வரிசையின் தலையில் நின்று வகுப்பின் எண்ணிக்கையைச் சத்தமாகப் படிக்க வேண்டும். கடைசியில் டேன், அறிவியல் ஆய்வகத்திலிருந்து கடன் வாங்கிய எடை இயந்திரத்தோடு. கொட்டகையில் யாரும் கட்டிய பெட்டியைத் திறந்து எண்ணமாட்டார்கள், எடை போடுவார்கள். ஒன்று குறைந்தால் முள் சொல்லிவிடும். ஒவ்வொரு வகுப்புக்கும் எடை எவ்வளவு வர வேண்டும் என்று கணக்கிட்டு டேனிடம் கொடுத்தேன்.

முதல் பெட்டி நகர்ந்தது. இரண்டாவது, பாதாம் பக்கம் தேங்கியது. நான் வரிசையோடு நடந்துகொண்டிருந்தவள் என்னையறியாமல் கத்தினேன்: "அடுத்து! அடுத்து!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "மிஸ், என்ன சொன்னீங்க?"

நான் வாய் திறப்பதற்குள் பாதாம் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "நெக்ஸ்ட்னு அர்த்தம், கைஸ். கை நிக்கக் கூடாது, தள்ளிக்கிட்டே இருக்கணும்." மித்ரா. பெட்டியைத் தள்ளிவிட்டு, நிமிராமலே அவளும் சொன்னாள்: "அடுத்து!"

அது வரிசையோடு பரவியது. ஸ்ட்ராபெர்ரி அடுத்து என்றது, குக்கீ அடுத்து என்றது. டேன் "அடூட்டூ" என்று அலறினான். "அடூட்டூ இல்ல, அ-டு-த்-து! நாக்கைப் பல்லுல வை!" என்று மித்ரா அங்கிருந்தே திருத்தினாள். சில பெட்டிகளுக்குள் வரிசைக்கு ஒரு தாளம் வந்துவிட்டது. கொட்டகையில் வானொலி பாடும்போது வரும் அதே தாளம். இங்கே வானொலி தேவைப்படவில்லை.

பாதி முடிந்திருக்கும். எடை போட்ட ஒரு பெட்டி குறைவாகக் காட்டியது. திரும்பப் போட்டும் குறைவு. சரியாக ஒரு பிஸ்கட் பெட்டியின் எடை. வரிசை நின்றது. ஒவ்வொருவராகக் கையிலிருந்ததைப் பார்த்தோம். பிறகு அறையில் ஒரே ஒரு வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்ததைக் கவனித்தோம். அதுவும் நின்றது.

"டேன்!"

"மிஸ்," என்றான், மென்றதை விழுங்கிவிட்டு, "மெஷின் நல்லா வேலை செய்யுதான்னு சோதிச்சேன். செய்யுது."

கதவருகில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஃபியோனா போகவே இல்லை. கோப்பையை ஜன்னலோரம் வைத்துவிட்டு, கடைசி மேசைக்கு வந்து நாடா ஒட்டும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

6

கடைசிப் பெட்டி கடைசி வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றுக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. என் பிள்ளைகள் மூச்சிரைக்க வந்து தங்கள் இடங்களில் நின்றார்கள். எங்கள் வகுப்பின் பெட்டியும் மூடியபடி மேசை மேல் இருந்தது.

எக்காளம் ஒலித்தது. ஊதிய பையன் ஒரு இடத்தில் சற்றுத் தடுமாறி, பிறகு பிடித்துக்கொண்டான். மௌனம் தொடங்கியது.

நான் இறந்தவர்களை நினைக்க வேண்டும். நினைத்தேன். ஆனால் உண்மையைச் சொன்னால், என் காது முழுவதும் பிளாஸ்டிக் சத்தத்துக்காகத் தீட்டப்பட்டிருந்தது. இந்தக் கட்டடம், எதிர்க் கட்டடம், உடற்பயிற்சிக் கூடம், ஒவ்வொன்றாகக் காதால் தடவிப் பார்த்தேன். தூரத்தில் விரைவுச்சாலை. வெளியே மரத்தில் தூயி என்ற இந்த நாட்டுப் பறவை ஒன்று மணி அடிப்பதுபோல் ஒருமுறை கூவி நிறுத்தியது. அவ்வளவுதான். அத்தனை பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அப்படி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதில்லை. மெதுவாக, காவல் காப்பதை விட்டுவிட்டு நானும் அந்த மௌனத்துக்குள் போனேன். ஊரில் பட்டாசு விபத்துகளில் போனவர்களின் பெயர்கள் சில வந்தன. யாரும் எக்காளம் ஊதாத பெயர்கள். நான் தலைகுனிந்து நின்றேன்.

ஒலிபெருக்கி நன்றி சொன்னது. ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு எல்லாக் கட்டடங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் நாடா கிழிபடும் சத்தம். அதன் பின்னால் வந்த ஆரவாரத்தை ஊர் மொழியில்தான் சொல்ல முடியும்: பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திய மாதிரி இருந்தது. முன்கூட்டியே தேர்வுக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்ததால் பிழைத்தோம். மண்டபத்தில் அந்த நேரம் இடைவேளை.

தாழ்வாரத்தில் நடந்து பார்த்தேன். யார் கையும் வெறுமையாக இல்லை. பை நிறைய அள்ளிக்கொண்டு நடந்தவர்களும் இருந்தார்கள், ஒரே ஒரு சாதாவைப் பிரித்து மூன்று பேருக்கு நீட்டியவர்களும் இருந்தார்கள். ஒன்பதாம் ஆண்டுக் கதவருகே ஒரு சண்டை, யார் யாருக்கு முதலில் கொடுப்பது என்று. நோயாளி அறையை எட்டிப் பார்த்தேன். படுக்கை காலி. செவிலியர் நாற்காலியில் சாய்ந்து ஒரு குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தார். "பள்ளிக்கூடம் எனக்கு அனுப்பியிருக்கு," என்றார், நம்பாதவர்போல.

ஃபியோனா எதிரே வந்தார். அவர் கையிலும் சாதா.

"நாட் பேட்," என்றார்.

அன்று மாலை தர்ஷினி அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் சமைப்பதை நிறுத்திவிட்டார். "உண்மையா 'நொட் பேட்' எண்டவவோ? அந்தக் குரலிலயோ? எங்க, ஒருக்காச் சொல்லிக் காட்டு." சொல்லிக் காட்டினேன். "ஓம், உது உச்சந்தான்," என்று தீர்ப்பளித்தார்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். மௌனம், எக்காளம் எல்லாம் அவருக்குப் பிறகுதான். "வரிசையில ஒரு சரக்குக்கு எத்தன பேரு நின்னீங்க? எட போட்டவன் யாரு?" என்று கேட்டார். டேன் தின்ற கதையைச் சொன்னதும் அந்தப் பக்கம் வெகுநேரம் சிரிப்பு. "இங்கன எட போடுறவன் அதத் திங்க முடியாதும்மா. அந்த ஒரு வசதி உங்களுக்கு இருக்கு."

7

நேர்காணல் அடுத்த வாரம் நடந்தது. மூன்று பேர் குழு. என் பாடத்திட்டத்தைக் கேட்டார்கள், மதிப்பீட்டைக் கேட்டார்கள். ஒருவர், நான் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார்: ஒரு பாடம் திட்டமிட்டபடி நடக்காமல் போன தருணத்தைச் சொல்லுங்கள்.

சொன்னேன். மடிக்கணினித் திட்டம் ஏன் தோற்றது, வரிசை ஏன் ஜெயித்தது, அதை அடுத்த வகுப்பிலேயே எப்படிப் பாடமாக்கினேன் என்று. பிள்ளைகள் இரண்டு முறைகளையும் வரைபடமாக வரைந்து, எந்த இடத்தில் நெரிசல் வந்தது என்று அவர்களே கண்டுபிடித்த தாள்களைக் காட்டினேன். ஒரு வரைபடத்தில் மேசை வரிசைக்கு மேலே அம்புக்குறி போட்டு, தமிழ் எழுத்தில் 'அடுத்து' என்று எழுதியிருந்தது. எழுத்து கொஞ்சம் கோணல். மித்ராவின் தாள். அதைக் கையில் எடுத்த ஃபியோனா, மற்ற இருவருக்கும் அந்த வார்த்தையைப் படித்தே காட்டினார். டேனைவிட நன்றாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மாலை பேருந்துக்காக நின்றபோது போன் வந்தது. இடம் என்னுடையது. நிரந்தரம். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டு, வந்த பேருந்தில் ஏறாமல் நின்றேன். அடுத்ததில்தான் ஏறினேன். வீட்டுக்கு வந்து குடிவரவுத் துறையின் அந்தப் பக்கத்தைத் திறந்து, 'ஆம்' என்பதைத் தொட்டேன். புதுப் பக்கம் விரிந்தது. அதில் இன்னும் நிறையக் கேள்விகள். இந்தத் தேசத்தில் எனக்குக் கிடைத்ததிலேயே இனிமையான கேள்விகள்.

மறுநாள் சனிக்கிழமை எங்கள் தெருவில் ஒரு பழைய மரவீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். புல்வெளியில் ஒரு சாப்பாட்டு மேசை. ரிமு என்ற இந்த நாட்டு மரம், தேன் நிறம், எட்டுப் பேர் உட்காரலாம், யானை கனம். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து நான் வாங்கிய ஒவ்வொரு பொருளையும் ஒரே கேள்வி கேட்டுத்தான் வாங்கியிருக்கிறேன்: இது இரண்டு பெட்டிக்குள் அடங்குமா? மடக்கும் நாற்காலி, மடக்கும் துணிக்கொடி, ஒரே ஒரு பாத்திரத்தில் மூன்று பாத்திரம். தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம், தேர்வுத்தாளும் தரையில்தான் திருத்தினேன். அந்த மேசையைச் சுற்றி ஒரு முறை நடந்தேன். விலையைக் கேட்டேன். வாங்கிவிட்டேன்.

மேசையை விற்ற வீட்டுக்காரரும் அவர் மனைவியும் ஒரு முனை, நானும் தர்ஷினி அக்காவும் மறு முனை. தெரு சரிவு. பாதி வழியில் எல்லாரும் மேசையை நடைபாதையில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். தர்ஷினி அக்கா இடுப்பில் கை வைத்து மேசையை மேலும் கீழும் பார்த்தார்.

"எடியே பவானி, உதைத் திரும்பி எப்பிடியடி ஊருக்குக் கொண்டுபோறது?"

"கொண்டுபோறதுக்கு இல்லக்கா."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் மூலையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப சரி. தூக்கு."